தெற்குச் சுவர்

வியாழக்கிழமை காலை பள்ளிப் பேருந்தைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வீட்டுக்குள் காலடி வைத்தேன், தொலைபேசி அடித்தது. பக்கத்துப் பண்ணைக்காரர் ஆர்டன். முப்பத்தோரு வருடமாக எங்களுக்கு நடுவே இருப்பது ஒரு சோயா வயலும் ஒரு தபால் பெட்டியும்தான். அத்தனை வருடத்தில் மனிதர் என்னிடம் எதுவும் இரவல் கேட்டதாக நினைவில்லை. அவர் மனைவி லோயிஸ் இறந்த வாரத்தில்கூட, நான் கொண்டுபோன சாப்பாட்டுப் பாத்திரத்தை மறுநாளே கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தவர்.

"மார்லிஸ், உன்கிட்ட அந்த இடுக்கு அடைக்கிற சிலிகான் கன் இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"சும்மாதான்."

தெற்கு மினசோட்டாவில் ஒருவர் சும்மாதான் என்று சொன்னால் வீடு பற்றி எரிகிறது என்று அர்த்தம். கழற்றிய ஷூவை மறுபடியும் மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சமையலறை ஜன்னல் முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். எண்பத்தோரு வயது, ஒல்லி உடம்பு, சவரம் செய்த முகம். கண்ணாடியில் ஏழெட்டுப் பொறிவண்டுகள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஏப்ரல் பிறந்து வெயில் கொஞ்சம் உறைத்தால் எங்கள் எல்லார் வீட்டிலும் இது நடக்கும். அக்டோபரில் சோயா அறுவடை முடிந்ததும் வயலில் இருக்கும் பொறிவண்டுகளெல்லாம் வெள்ளைச் சுவராகப் பார்த்துப் போய் ஒட்டிக்கொள்ளும். கிடைத்த இடுக்கில் புகுந்து பனிக்காலம் முழுவதும் தூங்கும். வசந்தத்தில் விழித்து வழி தெரியாமல் வீட்டுக்குள் வந்து சேரும். கடிக்கும் என்றும் சொல்ல முடியாது, கடிக்காது என்றும் சொல்ல முடியாது. நசுக்கினால் மஞ்சளாக ஒன்று கசியும். அந்த நாற்றம் திரைச்சீலையை விட்டுப் போக ஒரு மாதம் ஆகும்.

"ஞாயித்துக்கிழமை ஜோலீன் வர்றா," என்றார். "அந்தக் காகிதத்தோட வர்றா."

எந்தக் காகிதம் என்று நான் கேட்கவில்லை. ஊருக்கே தெரியும். ஜோலீன் அவருடைய ஒரே மகள். இரண்டு மணி நேரத் தொலைவில் ரோசெஸ்டரில், பல் மருத்துவர் ஒருவரிடம் வேலை. அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே முதியோர் குடியிருப்பு ஒன்றில் அறை காலியாகியிருந்தது. திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காவிட்டால் அது வேறு யாருக்கோ போய்விடும்.

இதில் பொறிவண்டு எங்கே வந்தது என்று கேட்டால், போன வருட ஈஸ்டருக்குத்தான் போக வேண்டும். ஆர்டன் பொறிவண்டைக் கொல்ல மாட்டார். சோயாவைத் தின்னும் அசுவினிப் பூச்சியைத் தின்பது அதுதான், அதனால் அது கூலி வாங்காத வேலையாள் என்பது அவர் கட்சி. வேக்குவம் கிளீனர் குழாய்க்குள் ஒரு பழைய நைலான் காலுறையைத் திணித்து, விளிம்பை ரப்பர் வளையத்தால் கட்டிவிட்டு உறிஞ்சினால் வண்டெல்லாம் காலுறைக்குள் உயிரோடு நிற்கும். முடிச்சுப் போட்டு வயலோரம் கொண்டுபோய்க் கொட்டிவிடலாம். இது எங்கள் ஊரில் பாதி வீடுகளில் செய்வதுதான். ஆனால் அந்த ஈஸ்டரன்று முடிச்சுப் போட்டதைக் கொட்ட மறந்து, துடைப்பம் வைக்கும் அலமாரியில் ஆணியில் மாட்டிவிட்டார். ஜோலீன் துடைப்பம் எடுக்கக் கதவைத் திறந்தாள். இறந்துபோன அவள் அம்மாவின் காலுறை, முழங்கால்வரை நிரம்பி, ஆணியில் தொங்கி அசைந்துகொண்டிருந்தது.

அந்த அலறலை என் வீட்டில் இருந்துகொண்டே கேட்டேன். அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாகச் சொன்னாள், "அப்பா, இந்த வீட்ட இனிமே உங்களால பாத்துக்க முடியாது" என்று.

"நாலு வண்டுக்காக என்னை இங்கேருந்து கிளப்பிடுவா, மார்லிஸ்," என்றார் ஆர்டன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். "ஞாயித்துக்கிழமை ஒரு வண்டுகூட அவ கண்ணுல படக் கூடாது."

நான் யார்? பத்தொன்பது வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவள். அறுபது பிள்ளைகளைக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே உட்கார வைக்கிறவள். என் வீட்டுக் குளியலறை, கொட்டகை, தேவாலயத்தின் கீழ்த்தளச் சமையலறை எல்லாவற்றுக்கும் நானே சிலிகான் பூசியிருக்கிறேன். "இதென்ன பெரிய விஷயம், வெளியேருந்து ஒரு இடுக்கு விடாம அடைச்சிடலாம்," என்றேன். ஆழம் தெரியாமல் காலை விடுவதில் எனக்கு எப்போதுமே ஒரு துணிச்சல் உண்டு.

வெள்ளி மாலையும் சனி முழுவதும் அடைத்தோம். அந்த வீடு அவருடைய அப்பா கட்டியது. பலகை மேல் பலகை வைத்து அறைந்த வெள்ளை வீடு. தெற்குச் சுவர் நேராக வயலைப் பார்த்து நிற்கும். காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம்வரை வெயில் அதை விடாது. ஜன்னல் சட்டங்களைச் சுற்றி, பலகை மூட்டுகளில், மின்கம்பி நுழையும் துளையில், கூரைக்கு அடியில் ஓடும் நீளமான இடைவெளியில் என்று பதினாலு குழாய் சிலிகான் தீர்ந்தது. மேலே இருப்பதை நான் பூசினேன், கீழே இருப்பதை அவர் பூசினார். விரலை எச்சில் தொட்டு இழுத்து, ஒரு கோடு கோணாமல் அவர் முடித்த நேர்த்தியைப் பார்த்தால் இவரையா வீட்டைப் பார்த்துக்கொள்ள முடியாதவர் என்கிறார்கள் என்று கோபம் வந்தது. ஆனால் ஒவ்வொரு முறை குனிந்து நிமிரும்போதும் சுவரில் கை வைத்துக்கொண்டார். அதையும் பார்த்தேன்.

எனக்குத் தெரிந்த இன்னொன்றும் உண்டு. பிப்ரவரியில் ஒருநாள் கொட்டகைக்குப் போகும் வழியில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல் ஒரு மணி நேரம் கிடந்தார். பேருந்தோடு திரும்பி வரும்போது பனியில் ஒரு சிவப்புத் தொப்பி தெரிந்து, நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். "ஜோலீனுக்குச் சொல்லாதே," என்றார். சொல்லவில்லை. 

ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒரு வெயில் வருமென்று யார் கண்டார்கள்? தேவாலயம் முடிந்து வெளியே வந்தபோது ஃபாரன்ஹீட்டில் எழுபது டிகிரி. ஆறு மாதம் குளிரில் கிடந்த ஜனம் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, "இன்னும் மோசமா இருந்திருக்கலாம்" என்று ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தது. எங்கள் ஊரில் அதற்கு மேல் சந்தோஷத்தை வெளியே காட்டுவதில்லை.

மேலே உருளைக்கிழங்கு அடுக்கிச் சுட்ட மாட்டுக்கறியை ஜோலீன் கொண்டு வந்திருந்தாள். ஆர்டன் என்னையும் சாப்பிடச் சொல்லியிருந்தார். சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டுமே. காகிதம் ஒரு மஞ்சள் உறைக்குள், மேசை ஓரத்தில், உப்புக் குப்பிக்குக் கீழே இருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. அதைப் பார்க்காமல் இருப்பதற்கே மூன்று பேருக்கும் நிறையப் பாடு பட வேண்டியிருந்தது. ஜோலீன் தட்டெடுக்கும் சாக்கில் அலமாரிகளைத் திறந்து பார்த்தாள். குளிர்பெட்டியைப் பார்த்தாள். எங்கும் ஒரு குறையும் இல்லை. துடைப்ப அலமாரியைத் திறக்கும் முன் ஒரு நொடி தயங்கினாள், பிறகு திறந்தாள். துடைப்பம்தான் இருந்தது.

"நல்லாத்தான் வச்சிருக்கீங்க, அப்பா," என்றாள். அவள் குரலில் ஏமாற்றம் இல்லை. யாரோ தோளிலிருந்து மூட்டையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தது மாதிரி இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, இந்தப் பெண்ணுக்கும் இதில் விருப்பமில்லை, பயம்தான் என்று.

அந்த நேரம் பார்த்து, ஆர்டனின் ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொறிவண்டு நடந்து வந்தது. அவர் காப்பிக் கோப்பையைத் தூக்கி அதன்மேல் கவிழ்க்காத குறையாக வைத்தார். அடுத்தது வெண்ணெய்க் கிண்ணத்தில். அதை நான் துணியால் மூடினேன். மூன்றாவது ஜோலீனின் தோளில் உட்கார்ந்தது. "உன் தோள்ல நூல் ஒட்டியிருக்கு" என்று தட்டிவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இரண்டு கிழடுகள் படும் பாட்டை அவள் கவனிக்காமல் இருக்க முடியுமா?

"என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

 அதற்குள் அறை மங்கியது. வெளியே மேகம் என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் தெற்கு ஜன்னல் கண்ணாடியில் பாதி இல்லை. அந்த இடத்தில் செம்மஞ்சளாக ஒரு திரை மேல்நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. ஜன்னல் சட்டத்தின் உள்பக்க இடுக்கிலிருந்து வந்தன. மின்சார பிளக் துளைகளிலிருந்து இரண்டு இரண்டாக வந்தன. கூரை விளக்கின் விளிம்பைச் சுற்றி வந்து, பிடி நழுவி, மேசைமேல் மழையின் முதல் துளிகள் மாதிரி விழுந்தன. ஜோலீன் நாற்காலியை விட்டு எழுந்து சுவரோரம் போய் நின்றாள். முகம் வெளுத்துவிட்டது.

"அப்பா... இது எத்தனை நாளா இப்படி?"

"இன்னிக்குத்தான்," என்றார் ஆர்டன். அவரே நம்பாத குரலில்.

எனக்கு அப்போது புரிந்தது. புரிந்ததும் உட்கார்ந்திருந்த நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. வண்டுகள் வெளியிலிருந்து உள்ளே வரவில்லை. அவை அக்டோபரிலேயே சுவருக்குள் வந்துவிட்டவை. இந்த வெயிலில் வெளியே போகப் புறப்பட்டிருக்கின்றன. போகும் வழி ஒவ்வொன்றையும் ஒரு இடுக்கு விடாமல் அடைத்து வைத்தது யார்? சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் அடுத்தவர் வீட்டுக்குப் போய், என் கையாலேயே, பதினாலு குழாய் சூனியம் வைத்திருக்கிறேன்.

"என் தப்பு, ஜோலீன்," என்றேன். "வண்டு வெளிய போகறதுக்கு முன்னாடி நான் கதவச் சாத்திட்டேன். ஆகஸ்ட்ல பூச வேண்டியத ஏப்ரல்ல பூசினேன். உங்க அப்பா மேல ஒண்ணும் இல்ல."

அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. ஆர்டன் தெற்குச் சுவரண்டை போயிருந்தார். காது கேட்கும் கருவியைச் சரிசெய்துகொண்டு, பூப்போட்ட சுவர்த்தாள்மேல் கன்னத்தை வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். ஒரு நிமிடம் அப்படியே நின்றார். பிறகு கை நீட்டி மகளைக் கூப்பிட்டார்.

"இங்க வா. சத்தம் போடாம வா."

"அப்பா, விடுங்க, எனக்கு அருவருப்பா இருக்கு."

"ஒரே ஒரு தடவ காது வச்சுப் பாரு, ஜோலி."

அவள் போனாள். நானும் போனேன். மூன்று பேரும் வரிசையாகச் சுவரில் காதை ஒட்டிக்கொண்டு நின்றோம். முதலில் என் ரத்தம் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. பிறகு அதற்கு அப்பால், பலகைக்கு அந்தப் பக்கம், ஒரு சரசரப்பு. யாரோ மிக மெதுவாக அரிசியைச் சரித்துக்கொண்டே இருப்பதுபோல. நிற்கவில்லை. கீழே அடித்தளத்திலிருந்து தலைக்கு மேல் கூரைவரை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, சுவர் முழுவதும் அதுவே. கன்னத்தில் சுவர் இளஞ்சூடாக இருந்தது. எத்தனை ஆயிரம் இருக்கும்? பத்தாயிரமா, லட்சமா? வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரியில் காற்று ஊளையிட்ட இரவுகளில், இந்த மனிதர் இந்தச் சுவரோரம் தனியாக உட்கார்ந்து சூப் குடித்த அத்தனை இரவுகளிலும், கையெட்டும் தூரத்தில் இத்தனை உயிர் மூச்சடக்கிக் கிடந்திருக்கிறது. என் கைகால் ரோமம் எழுந்து நின்றது. தேவாலயத்தில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறேன். இப்படி எனக்கு ஆனதில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"இதுல ஒண்ணுகூட இந்த வீட்ட முன்னாடி பாத்ததில்ல," என்றார் ஆர்டன், குரலைத் தாழ்த்தி. "போன வசந்தத்துல இங்கேருந்து போனது எல்லாம் கோடையிலயே செத்திருக்கும். இதுங்க அதுங்களோட பிள்ளைங்க, பேரப் பிள்ளைங்க. இருந்தும் அக்டோபர் வந்தா நேரா இந்தச் சுவருக்கு வருதுங்க. பதினஞ்சு மைல் வயலு, எத்தனை வீடு. யாரு சொல்லிக் குடுக்கறா?"

ஜோலீன் கண்ணை மூடியிருந்தாள். அவள் கூந்தலில் இரண்டு வண்டுகள் ஏறியிருந்தன, தட்டிவிடவில்லை.

பிறகு அவள்தான் முதலில் அசைந்தாள். "உள்ளேயே செத்துடும்ல? திறக்கணும்."

வெளியே போய்த் திறந்தோம். நான் முதலில் தெற்கு ஜன்னலின் கீழ் மூட்டில் கத்தியை விட்டு, நேற்று அவர் பூசிய கோணாத கோட்டை நுனி பிடித்து இழுத்தேன். முழுதாகக் காயாத சிலிகான் வார் மாதிரி நீளமாக வந்தது. அது விலகிய இடத்தில் ஒரு நொடி இருட்டு. அடுத்த நொடி ஒரு தலை, நான்கு தலைகள், பிறகு எண்ண முடியவில்லை. வெளியே வந்து, வெயிலில் ஒரு கணம் நின்று, முதுகு ஓட்டை இரண்டாகத் திறந்து, அதற்குள் மடித்து வைத்திருந்த சிறகை நீட்டிப் பார்த்துவிட்டுப் பறந்தன. ஜோலீன் தேவாலய உடுப்போடு மண்டியிட்டு, சேற்றைப் பற்றிக் கவலைப்படாமல், நகத்தால் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

ஆர்டன் கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு கொட்டகைப் பக்கம் போனார்.

அவர் தலை மறைந்ததும் ஜோலீன் கையை நிறுத்தினாள்.

"மார்லிஸ், எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. அவர் நல்லாத்தான் இருக்காரா?"

நான் பொய் சொல்லத் தயாராகத்தான் வந்திருந்தேன். ஆனால் அந்தச் சுவரோரம் நின்றுகொண்டு வாயைத் திறந்தால் பொய் வரவில்லை. "பிப்ரவரில விழுந்தாரு," என்றேன். "கொட்டகை வழியில. ஒரு மணி நேரம் பனியில கிடந்தாரு. நான் அந்த வழியா வரலேன்னா..." 

அவள் என்னைத் திட்டவில்லை. கையிலிருந்த சிலிகான் வாரைப் பந்தாக உருட்டிக்கொண்டே இருந்தாள். "ஒரு மணி நேரம்," என்றாள். பிறகு இன்னொரு முறை அதையே சொன்னாள். அவள் கண் வீட்டு வாசலை, உள்ளே மேசையை, அந்த உறையைத் தேடிப் போனது எனக்குத் தெரிந்தது. ஆர்டனை நான் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று மனசு அடித்துக்கொண்டது. சொல்லாமல் விட்டிருந்தாலும் அது அடித்துக்கொள்ளத்தான் செய்யும்.

அதற்குள் அவர் திரும்பிவிட்டார். பதினாறு அடி அலுமினிய ஏணியைத் தோளில் தாங்கி, சேற்றில் கால் பார்த்து வைத்து, தனியாகத் தூக்கிக்கொண்டு வந்தார். சுவரில் சாய்த்தார். நான், "ஆர்டன், நான் ஏறறேன்," என்பதற்குள் மூன்றாவது படியில் இருந்தார்.

"நீ அடைச்சது போதும், மார்லிஸ். திறக்கறத நான் பண்றேன்."

ஜோலீன் ஓடி வந்து ஏணியின் ஒரு காலைப் பிடித்தாள். நான் மறு காலைப் பிடித்தேன். அவர் ஏறினார். நான்கு, ஐந்து, ஆறு. ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஒரு மூச்சு நின்றார். அவள் வாய் திறந்தது. "இறங்குங்க, அப்பா" என்ற வார்த்தை அவள் தொண்டைவரை வந்துவிட்டது; பக்கத்தில் நின்ற எனக்கு அது கேட்காத குறைதான். உச்சியில் அவர் ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கூரைக்கு அடியில் ஓடிய அந்த நீளமான வாரின் நுனியைக் கிள்ளி இழுத்தார்.

ஒரு சுவரின் பனிக்காலம் முழுவதும் அவர் கைமேல் வந்து விழுந்தது. கை, சட்டை, தோள் எல்லாம் செம்மஞ்சளாகி அசைந்தன. அவர் உதறவில்லை, கையை அப்படியே நீட்டி வைத்திருந்தார். அவை விரல் நுனிவரை நடந்து, அங்கிருந்து கிளம்பின. வந்துகொண்டே இருந்தன. வெயிலில் சிறகுகள் பளபளத்து வயல்மேல் ஒரு புகையைப் போல் சாய்ந்து போவதை அவர் மேலிருந்து பார்த்தார், நாங்கள் கீழிருந்து பார்த்தோம். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை லோயிஸ் போன பிறகு நான் பார்த்ததில்லை.

அவருடைய முழங்கால் நடுங்கியது. கால்சட்டைத் துணி துடிப்பது எங்கள் கண்ணுக்கு நேரே தெரிந்தது. அந்த நடுக்கம் ஏணியில் இறங்கி, என் உள்ளங்கைக்கும் ஜோலீனின் உள்ளங்கைக்கும் வந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் கீழ்ப் படியில் ஒரு காலை ஊன்றி, தன் முழு எடையையும் அதில் வைத்து, தோளை ஏணிக்குக் கொடுத்து, முகத்தை நிமிர்த்தினாள். நெற்றியிலும் கன்னத்திலும் வண்டுகள் நடந்துகொண்டிருந்தன.

"இடது பக்கம், அப்பா," என்றாள். "அங்க இன்னும் ஒரு அடி இருக்கு."

அவர் இடது பக்கம் கையை நீட்டினார்.